நாலில் ஒரு பங்கு

இன்று சின்னசேலம் பேருந்தில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மா, நிற்க முடியாமல், தன் புளி மூட்டையை என் மடியில் வைத்தார். "செத்த புடிச்சுக்கப்பா." நம் விடுதி அறையில் உன் தகரப் பெட்டியைத் திறந்தால் வரும் அதே வாடை.

கல்லூரி நூலகத்தில், அட்டை கிழிந்த அகராதியில், அந்தச் சொல்லை நீதான் கண்டுபிடித்தாய். ஃபார்டல். இப்போது யாரும் சொல்லாத பழைய ஆங்கிலச் சொல். ஒன்றுக்கே ஐந்து பொருள். மூட்டை. மூட்டை கட்டுவது. மனதை அழுத்தும் பாரம். நாலில் ஒரு பங்கு. கடைசியாக, ஆட்டு வயிற்றுக்குள் மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு பை.

"அந்தப் பைய கையால கழுவுனவன்டா நானு. அதுக்கும் இதே பேரா? உங்க இங்கிலீசுக்காரனுக்கு சொல்லுக்குக்கூடவா பஞ்சம்?"

உங்க என்றாய். ஆங்கிலம் என் வீட்டுச் சொத்து என்பது போல. உன் ஊரில் கல்லூரி வரை வந்த முதல் ஆள் நீ.

அந்த ஐப்பசியில் விடுமுறைக்கு உன்னோடு மலைக்கு வந்தேன். மூன்றாம் நாள் காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாய். மழையில் பாதை அறுந்திருந்தது. ஜீப் மூன்று மைல் கீழே நின்றது. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி உன்னைக் கிடத்தினார்கள். முன்னால் இருவர். பின்னால் உன் சித்தப்பா, அவருக்கும் பின்னால் நான். நான் கேட்டு வாங்கிய இடம்.

சேறு. பாதி வழியில் தோள் எரிந்தது.

"கனமா இருக்கு," என்றேன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. நாலில் ஒரு பங்குதான் என் தோளில் இருந்தது. மற்ற மூவரும் அதே பங்கோடு நடந்தார்கள்.

சித்தப்பா திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்: "ஆளத் தூக்கும்போது அத சொல்லக் கூடாது தம்பி. அவனே கேட்டாலும் இல்லன்னுதான் சொல்லணும்."

உனக்குக் கேட்டுவிட்டது.

"எறக்கு சித்தப்பா. நான் நடந்துக்கினு வரேன்."

அவர் மறுத்தார். நீ அதற்குள் ஒரு காலை வெளியே போட்டுவிட்டாய். பத்தடி நடந்திருப்பாய். பிறகு சேற்றில் உட்கார்ந்தாய். உன்னைத் திரும்பத் தூளியில் கிடத்தினோம். ஜீப்பை அடைந்தபோது, ஓட்டுநர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

"அதனால இல்ல தம்பி," என்று சித்தப்பா பிறகு இரண்டு முறை சொன்னார். குடல் முன்பே வெடித்திருக்கும் என்று ஒரு டாக்டரும் சொன்னார். இருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து நீ கடைசியாகக் கேட்டது கனம் என்ற அந்தச் சொல். அன்று அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது.

பேருந்து நின்றது. அந்த அம்மா மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப கனமா இருந்துச்சாப்பா?"

"இல்லம்மா."

அவர் இறங்கிப் போன பிறகும் என் கைகள் மடியில் அப்படியே இருந்தன, எதையோ பிடித்தபடி.