மூன்று ராஜாவும் இரண்டு பத்தும்

ராஹே,
நவம்பர் 24

என் மகள் சைலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். டப்ளினில் விடாத மழை என்று செய்தியில் சொன்னார்கள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீ எத்தனையோ தடவை அழைத்தும் நான் போனை எடுக்கவில்லை. கோபம்தான், வேறென்ன. எடுத்திருந்தால் வழக்கம்போல ஏதாவது கேலி பேசி, இங்கே எவ்வளவு குளிர் என்று சொல்லி, வைத்திருப்பேன். தாளில் அப்படித் தப்பிக்க முடியாது. என் கையெழுத்தைப் படிக்க நீ படப்போகும் பாட்டை என் முதல் பழிவாங்கலாக வைத்துக்கொள்.

முதலில் சாதாரணச் செய்தி. கடலோரம் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆலையில் எனக்குப் புது ஃபோர்க்லிஃப்ட் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் எடுத்தால் பல் முளைக்கிற குழந்தை மாதிரி கத்துகிறது. சவுனா நீராவிக் குளியலறை அடுப்பின் கதவு உடைந்து, கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். என் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சொல்லியிருந்த கேக்கைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். பேக்கரிக்காரி, “விருந்தாளி குறைஞ்சிட்டாங்களா?” என்று கேட்டாள். பசி குறைந்துவிட்டது என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இணையத்தில் போக்கர் ஆட எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதான். “தம்பி இல்மோ தம்பெரேல, நான் இங்க, நீங்க ரெண்டு பேரும் அங்க. வாரத்துல ஒருநாளாவது எல்லாரும் ஒரே மேஜைல உட்காரலாம்பா” என்றாய். காசு கிடையாது, வெறும் சில்லுதான் என்றதும் உன் அம்மாவும் சம்மதித்தாள். அவள் சமையலறையில், நான் கூடத்தில். நடுவில் ஒரு சுவர். மேஜையில் எனக்கு ‘துருப்பிடித்த ஆணி’ என்று பெயர் வைத்துக்கொண்டபோது நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆட்டத்தைவிட மரியாதையைத்தான் நீ அதிகம் சொல்லிக்கொடுத்தாய். எனக்கும் அதுதான் தேவைப்பட்டது. என் முறை வந்தபோது சவுனாவுக்கு விறகு போடப் போய்விட்டேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக் காத்திருந்தீர்கள். இன்னொரு நாள் சீட்டைக் கீழே போட்டு விலகிய கையோடு, “அய்யோ, ரெண்டு ராணியப் போட்டுட்டேனே!” என்று அரட்டைப் பெட்டியில் எழுதி, தன்னிடம் ராணி இருப்பதாக இல்மோ கட்டிக்கொண்டிருந்த பொய்க் கோட்டையைச் சரித்தேன். “அப்பா, மத்தவங்க ஆடிக்கிட்டு இருக்கறப்ப நீங்க போட்ட சீட்டப் பத்தி வாயே திறக்கக்கூடாது” என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொன்னாய். தோற்றவனுக்குப் புத்தி சொல்லக்கூடாது, ‘நல்ல ஆட்டம்’ என்று மட்டும் எழுத வேண்டும் என்றாய். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஒரு தடவை என் கையில் ஜெயிக்கிற சீட்டு இருந்தும், உடனே காட்டாமல் காபி ஊற்றிக்கொண்டு வந்து காட்டினேன். சினிமாவில் அப்படித்தானே செய்கிறார்கள். அன்றைக்கு உனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. “ஒருத்தன் தோத்துட்டான்னு உங்களுக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியல. அவனக் காக்க வெச்சு வேடிக்கை பாக்கறதவிட அசிங்கம் இந்த ஆட்டத்துல எதுவுமில்ல” என்றாய். இன்னொன்றும் சொன்னாய்: அவரவர் சீட்டை அவரவர்தான் ஆட வேண்டும். இரண்டு பேர் பேசிவைத்து ஒருவரைத் தோற்கடிப்பது மட்டுமில்லை, பேசிவைத்து ஒருவரை ஜெயிக்கவிடுவதும் ஏமாற்றுதான் என்று.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். எனக்கும் ஆச்சரியம்தான். பள்ளியில் கணக்கில் தேறாதவனுக்கு இத்தனை வயதில் மூளை சூடேறியிருக்கிறது, பழைய டீசல் வண்டி மாதிரி, என்று நினைத்தேன். ஆலை உணவகத்தில் கூட வேலை பார்க்கும் வெய்யோவிடம், எங்கள் வீட்டில் என்னை அசைக்க ஆள் கிடையாது என்று பீற்றிக்கொண்டேன். “உன் மூஞ்சியப் பாத்தா நாய்க்குட்டிகூட உன் சீட்ட சொல்லிடும். திரை மறைக்குது, பொழைச்சே” என்றான். திரை உங்கள் மூஞ்சிகளையும் மறைக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. நேரில் உட்கார்ந்திருந்தால் இல்மோவின் காது சிவப்பதை வைத்தே கண்டுபிடித்திருப்பேன். சின்னப் பையனாக ஜாம் திருடிய நாளிலிருந்து அவனுக்குக் காதில்தான் குற்றம் தெரியும்.

ஒருத்தி மட்டும்தான் ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தாள், உன் அம்மா. அவளுக்கு மட்டும் இரக்கமே இல்லை என்று உன்னிடம் புகார்கூட சொன்னேன். நீ பேச்சை மாற்றினாய்.

அப்புறம் நவம்பர் இரண்டாம் ஞாயிறு, அந்தத் தந்தையர் தினம். காலையில் உன் பார்சல் வந்திருந்தது, கம்பளிக் காலுறை. மாலையில் எல்லோரும் மேஜைக்கு வந்தோம். என் கையில் ஏழில் ஒரு ஜோடி, அவ்வளவுதான். நடுவில் விரித்த சீட்டைப் பார்த்தாலே பயமாக இருந்தது. ஆனாலும் மிதப்பு ஏறிப்போயிருந்ததே, இருந்த சில்லு எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். அம்மா ஏற்கெனவே விலகியிருந்தாள். நீயும் சீட்டைக் கீழே போட்டு விலகினாய். இல்மோவும் போட்டான். ஆனால் போடும்போது அவன் விரல் தவறி, சீட்டைத் திறந்து காட்டும் பொத்தானில் பட்டுவிட்டது.

மூன்று ராஜா, இரண்டு பத்து.

அதை யாரும் கீழே போடமாட்டார்கள், சைலா. வீடு தீப்பிடித்தால்கூட அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வெளியே ஓடுவார்கள். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. “இல்மோ, குடிச்சிருக்கியாடா?” என்று எழுதினேன். நீ, “நல்ல ஆட்டம், அப்பா” என்று எழுதினாய். சமையலறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

இல்மோவைப் போனில் பிடித்தேன். விரல் தவறிவிட்டது என்றான். “காட்டினது விரல் தவறி, சரி. போட்டதும் விரல் தவறியாடா?” என்றேன். அழுதுவிட்டான். “சைலாதாம்பா சொன்னா. பாவம், அம்மா போற வரைக்குமாவது அப்பா ஜெயிக்கட்டும்னு.”

“அம்மா எங்கடா போறா?” என்று கேட்டேன்.

நான் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

சமையலறைக்குப் போனேன். உன் அம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சுத்தமாக இருந்த மேஜையை. கெமியில் அவள் அக்கா வீட்டுப் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்து ஆகஸ்டிலேயே கையெழுத்துப் போட்டாயிற்றாம். “உன் பொறந்தநாள் முடியட்டும்னு இருந்தேன், தவுனோ” என்றாள். ஏன் என்று கேட்டேன். “எல்லாத்தையும் சிரிச்சே தட்டிவிட்டுருவே. நான் எப்ப பேசறது?” என்றாள். அதற்கும் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். போன சனிக்கிழமை போய்விட்டாள். பெட்டிகளை நான்தான் காரில் ஏற்றிக்கொடுத்தேன். பின்னே, அவள் முதுகுவலிக்காரி.

அவள் போனது அவளுக்கும் எனக்கும் உள்ளது. அதற்கு நான் உன்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அத்தனை பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தாயே, அப்போதெல்லாம் உனக்குத் தெரியும். ‘இந்த வருஷம் அவளுக்குப் படகுக்குப் புதுத் துடுப்பு வாங்கித் தரட்டுமா, என்ன நீளம் இருக்கும்’ என்று உன்னிடம்தான் யோசனை கேட்டேன். நீ நீளம் சொன்னாய்! தோற்றவனைக் காக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் அசிங்கம் என்று சொன்ன பிள்ளை நீ. நான் ஆகஸ்டிலேயே தோற்றவன். மேஜையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் மட்டும் நவம்பர் வரை சில்லை அடுக்கிக்கொண்டு, உங்களுக்கெல்லாம் ‘நல்ல ஆட்டம்’ எழுதிக்கொண்டிருந்தேன். வெய்யோவிடம் இதை எப்படிச் சொல்வேன்? ஓட்டப்பந்தயத்தில் பெரியவர்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட, கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிற மூன்று வயதுப் பிள்ளையாக என்னை ஆக்கிவிட்டாய்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று தெரியும். அதனால்தான் வலி கூடுகிறது. கெட்ட எண்ணம் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். அன்பாகச் செய்ததை என்ன செய்வது?

பிறந்தநாளுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய் என்று இல்மோ சொன்னான். அதை ரத்து செய்யாதே. கோபமாகத்தான் இருப்பேன், ஆனாலும் விமான நிலையத்துக்கு வருவேன். அதற்கு முன்னால் இந்த ஞாயிறு வழக்கமான நேரத்துக்கு மேஜையைத் திறந்துவைக்கிறேன். யாரும் வராவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். நீ வந்தால் உன் சீட்டை ஆடு. நல்ல சீட்டு வந்தால் என் கடைசிச் சில்லு வரை எடுத்துக்கொள். தோற்பதற்கு நான் பயப்படவில்லை மகளே. இனிமேல் உன் ‘நல்ல ஆட்டம்’ எதையும் நம்ப முடியாமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

இன்னொரு விஷயம். இந்த வாரம் குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே இறங்கும் என்கிறார்கள், கெமியில் இன்னும் அதிகம். உன் அம்மாவின் கார் எஞ்சினைச் சூடாக்கும் மின்கம்பி இங்கே கொட்டகையிலேயே தொங்குகிறது, மறந்துவிட்டாள். மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது; இத்தனை வருஷமாக அவள் எழுந்திருக்கும் முன்பே நான் போய்ச் செருகிவிடுவேன். இந்தக் குளிரிலும் கார் தானாகவே கிளம்புகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். கம்பியை இங்கே வரப்போகும் இல்மோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே வாசலில் கார் நிற்கும் இடத்துக் கம்பத்தில் மின் இணைப்போடு ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும்; கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும்படி ராத்திரியே திருப்பி வைக்க வேண்டும். போனில் அம்மாவுக்கு நிதானமாக விளக்கிச் சொல். உனக்கே தோன்றியது போலச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீ எங்கிருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது.

உன் அப்பா,
தவுனோ