செவ்வாயும் வெள்ளியும் சிவந்த பெட்டி

செம்பூர்,
சனிக்கிழமை காலை

அன்பு மகள் விஜயராணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் நீங்கலாக. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமா, இளைப்பு வராமல் தூங்குகிறாயா என்பதை முதலில் எழுது. போனில் சொன்னால் அப்பா குறுக்கே புகுந்து கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுவார், அதனால்தான் கடிதம்.

காற்றில் எவ்வளவு தூசி என்று காட்டும் பெட்டியை அனுப்பி, பத்து நாள் தொடர்ந்து பச்சை காட்டினால்தான் டாக்டர் ஊருக்குப் போகவிடுவார் என்று சொன்னாயல்லவா, அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அன்றிலிருந்து அப்பா டிவியை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார். நம்மைச் சுற்றி நாலு பில்டிங்கை இடித்து ரீடெவலப்மென்ட் நடக்கிறது, மஞ்சளும் சிவப்பும்தான் காட்டியது. மும்பைக்கு மட்டுமா இந்தக் கதி, டெல்லியில் இருக்கும் உன் சிநேகிதி வந்தனாவும் ஜகார்த்தாவில் இருக்கும் அவள் தம்பியும்கூட மாஸ்க் போட்டுத்தான் வேலைக்குப் போகிறார்களாம். ஆனால் இங்கே செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் எண் நானூறைத் தாண்டியது. எதிர் சைட்டில் திருட்டுத்தனமாகக் கல் அறுக்கிறார்கள் என்று அப்பா முடிவு கட்டி, இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சைட் பூட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த சூப்பர்வைசர் மன்சூர் அலியிடம் சண்டைக்குப் போனார். அவர் தாராவிப் பையன், நம் பேச்சுதான். "வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஆதா தின் சாச்சா, அரை நாள்தான் வேலை, ஆறு மணிக்கு சைட்ல காக்காகூட இருக்காது" என்றாராம். ஆனாலும் பெட்டியைப் பார்த்துப் பயந்து, மறுநாளே பச்சை வலை கட்டி இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டார், பாவம்.

அப்பா குழம்பிப்போய் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், நான் சாம்பிராணிச் சட்டியோடு நிற்கிறேன், வீடு முழுக்கப் புகை. "ஏட்டி, கள்ளன வெளிய தேடிட்டு அலையுதேன், கள்ளி வீட்டுக்குள்ளல்லா நிக்கா!" என்று சிரித்துச் சிரித்து அவருக்கே இருமல் வந்துவிட்டது. உனக்குக் காத்துகருப்பு எதுவும் அண்டக் கூடாது என்றுதான் ராணி, இரண்டு பிடி கூடவே போட்டேன். காற்றைக் கருப்பாக்கியதே நான்தான். பெட்டியை பால்கனிக்கு மாற்றிவிட்டால் போச்சு என்றார் அப்பா. பெட்டியை மாற்றலாம், நீ வந்து படுக்கப்போவது உள்ளேதானே என்று நான் சாம்பிராணியையே விட்டுவிட்டேன். மன்சூர் அலியிடம் அப்பா போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வலையை மட்டும் அவிழ்க்காதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு மழை பிடித்தது. ஒன்பது நாள் பச்சை. நேற்று பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை வேறு, ஆறு மணிக்குக் கை தானாகச் சாம்பிராணி டப்பாவுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன், விளக்கு மட்டும் ஏற்றினேன். எண் முப்பத்தி நாலு! எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதில் பாதிக்கு மேல் மழையின் வேலை, உன்னிடம் மறைக்க மாட்டேன். மழை விட்டால் தூசி எழும்பும், நாலு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்து நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. அதனால் தீபாவளிக்கு அப்பாவே கெஞ்சினாலும் வராதே, இப்போதே வா.

இளைப்புக்கு வாயில் அடிக்கிற பம்பைக் கைப்பையிலேயே வை, பெரிய பெட்டியில் போட்டுவிடாதே. மாப்பிள்ளையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். தினமும் காலண்டரில் எண்ணைக் குறித்துவைக்கிற அப்பா, நேற்றைய தேதியில் எண்ணே எழுதவில்லை. "ராணி வரலாம்" என்று எழுதியிருக்கிறார்.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
பேராச்சி ராஜபாண்டி