ஆளில்லாத கம்பெனி பஸ்

செவ்வாய்க்கிழமை. தூறல்.

எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு இன்று ஒரு பயிற்சி கொடுத்தேன். இருபது வருடம் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் ஒரு சாதாரணக் காலை எப்படி இருக்கும் என்று எழுதிப் படிக்க வேண்டும். ஆளாளுக்கு ரோபோ, ட்ரோன் என்று அடுக்கினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. கடைசியாக, பக்கத்திலிருக்கும் சின்ன ஆரணியிலிருந்து தினமும் வரும் ஸ்டெல்லா எழுந்தாள். அவள் அம்மாவுக்கு இங்கே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை.

“கம்பெனி பஸ் வந்துகினு இருக்கு மேம். டிரைவரும் இல்ல, ஆளும் இல்ல. ஆனா ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு கதவத் தொறக்குது. எங்கம்மா டிபன் பாக்ஸோட நின்னுகினு இருக்காங்க. ஏறல.”

“வேலைக்கு ஆளே வேணாம்னா பஸ் ஏன் நிக்குது?” என்றேன்.

“நிக்காதன்னு இன்னும் யாரும் அதுகிட்ட சொல்லல மேம்.”

வகுப்பு சிரித்தது. நானும்தான். எழுதுகிறவர் தன்னையும் அந்தக் காலைக்குள் வைத்தாக வேண்டும் என்பது இந்தப் பயிற்சியின் விதி. “இதுல நீ எங்க இருக்க?” என்று கேட்டேன்.

“நான்தான் மேம் ஆபீஸ்ல உக்காந்துகினு அந்த பஸ்ஸ ஓட்டறேன்.”

மணி அடித்தது. ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நிற்காதே என்று சொல்ல வேண்டியவளே அவள்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது என்னுடைய காலையை எழுதிப் பார்க்கிறேன். பனி மூட்டம். பஸ் வந்து நிற்கிறது. உள்ளே எல்லா சீட்டும் காலி. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் நானும் நிற்கிறேன், எடுக்க வகுப்பில்லாமல், கையில் மார்க்கர் பேனாவோடு. கதவு இன்னும் மூடவில்லை. ஸ்டெல்லா, நிக்காதன்னு சொல்லிடாதம்மா, இன்னும் கொஞ்ச நேரம்…