கிழியாத காலர்

ஒயிட்சாப்பல், லண்டன்
1924, வியாழக்கிழமை

அன்பு மகள் ப்ரெய்னாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், பனி வருவதற்கு முன்பே என் முழங்கால் மட்டும் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது, கேப்டவுனில் நீயும் உன் புருஷன் எட்கரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ வேற்று மதத்தானைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய நாளிலிருந்து அப்பா உன் பேரைச் சொன்னதில்லை, 'என்னைச் செத்தவளாகவே எண்ணிவிட்டாரா' என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாய், நானும் பதில் தெரியாமல் மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இன்று என்னிடம் பதில் இருக்கிறது.

நம் யூதத் தெருக் கொட்டகையில் அப்பா நடிப்பதைப் பார்த்துவிட்டு ஆங்கிலேய நாடகக் கம்பெனிக்காரர்கள் அவரைப் பெரிய தியேட்டருக்குக் கூப்பிட்டார்கள். முந்நூறு வருஷத்துப் பழைய நாடகம், அதில் யூத வைத்தியன் வேஷம். வைத்தியனின் மகள் கோமகனின் பிள்ளையோடு ஓடிப்போகிறாள், இவன் கோமகனின் மருந்தில் விஷம் கலக்கிறான், இவ்வளவுதான் கதை. கேட்டதும் தெருவே கொதித்தது. ஹெரிங் மீன் விற்கிற ட்வோரா என்னைக் கடை வாசலிலேயே நிறுத்தி, "ஏன்டி ஹிந்தா, நம்ம மூஞ்சியில கரி பூச வெளியாளுங்க பத்தலைன்னா ஒம் புருஷன் கெளம்பியிருக்கான்?" என்றாள். அப்பாவிடம் சொன்னதற்கு, "அந்த வைத்தியன் கெட்டவன்தான். ஆனா இதுவரைக்கும் யாரும் அவன் வீட்டுக்குள்ள போயி அவனப் பாக்கலையே" என்றார்.

எனக்குப் பொறுக்காதது வேறு விஷயம். மகள் ஓடிப்போனதும் வைத்தியன், நாம் சாவுக்குச் செய்வதுபோல் கோட்டின் காலரைக் கிழித்து, என் மகள் செத்தாள் என்று சபிக்க வேண்டுமாம், அந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பது வழக்கமாம். கிழிவதற்குத் தோதாகக் காலரை இழை தளர்த்தித் தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெண் உயிரோடு இருக்கும்போது எந்தத் தாய் இதைத் தைப்பாள், ஊசி இறங்கும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லி ஆயுசு கேட்டுக்கொண்டே தைத்தேன்.

முதல் நாள் ட்வோராவும் திட்டிக்கொண்டே கூட வந்தாள், மாடி வரிசையில் உட்கார்ந்தோம். அந்த இடம் வந்ததும் கீழே சிலர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவின் கை காலருக்குப் போனது, அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் உன் தலையில் இரண்டு கைகளையும் வைத்து ஆசீர்வதிப்பாரே, அப்படி வெறும் காற்றின் மேல் வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. ப்ரெய்னா, மகளாக நடித்தவள் அவரைவிட உயரம், அந்தக் கைகள் நின்றதோ அவர் தோளுக்கு நேராக, உன் உயரத்தில். அத்தனை பெரிய கொட்டகையில் ஒரு இருமல் இல்லை. எத்தனையோ நாடகம் பார்த்தவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, ஜெப ஆலயத்தில் வேதச் சுருள் பெட்டகம் திறக்கும்போது எழுவதுபோல் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த காட்சியில் அதே கைகளால் விஷம் கலக்கினார், ஜனங்கள் அழுத கண்ணோடு அதையும் பார்த்தார்கள், பயந்தார்கள், ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. "படுபாவி... ஐயோ பாவம்... இல்லல்ல, படுபாவிதான்" என்று ட்வோரா வீடு வரும்வரை தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கோட்டை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். காலரில் ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை, அவர் இழுத்தே பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "இருக்கிறவளுக்கு எதுக்குக் கிழிக்கணும்?" என்றவர், சூப் ஆறிப்போகுது என்று பேச்சை மாற்றிவிட்டார். கம்பெனி முதலாளி முதலில் கத்தினாராம், பிறகு தினமும் அப்படியே செய்யுங்கள் என்றாராம்.

அங்கே வெயிலில் தலையில் தொப்பி இல்லாமல் அலையாதே, இருமல் வந்தால் அலட்சியம் செய்யாதே. நம்மவர்கள் வாழ்த்துவதுபோல் நூற்றிருபது வயது நிறைய வாழ வேண்டும் நீ. ஒன்றை மட்டும் மறக்காதே, வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம் எங்கே இருந்தாலும் கொஞ்சம் அசையாமல் நில், அப்பாவின் கை எட்டட்டும். இந்தக் கடிதத்தை மேசைமேல் திறந்தே வைக்கப்போகிறேன், அவர் கண்ணில் பட்டால் படட்டும்.

உன் அம்மா
ஹிந்தா

ப்ரெய்னா, உன்னைக் கட்டிய அந்தப் பையனையும் பக்கத்தில் நிற்கச் சொல்.
அப்பா