கடைசி ரீலும் நாலு பத்து பாசஞ்சரும்

இன்று காலை மழை விட்டதும் மருமகள் பரணில் கிடந்த பழைய கறுப்புக் கம்பளியை உதறி மாடிக் கொடியில் போட்டாள். மறுபடி வந்த தூறலில் அது நனைந்துவிட்டது போலிருக்கிறது. ஈரக் கம்பளியின் நாற்றம் படிக்கட்டு வழியாக இறங்கிச் சமையலறைக்கு வந்தபோது கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். "என்ன அத்தை, பிரஷரா?" என்றாள். கம்பளி வாடைக்குப் பயந்துவிட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம் சொல்லலாம், நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ போய் இரண்டு மாதமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அது நம் கல்லூரியின் வாடை. திண்டிவனத்தில், கெமிஸ்ட்ரி லேபுக்குப் பின்னாலிருந்த நீளமான வகுப்பறை. சனிக்கிழமை மதியம் என்.சி.சி. ஸ்டோரிலிருந்து கம்பளிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு ஜன்னலிலும் மாட்டி அறையை இருட்டாக்குவார்கள். மழைக்காலத்தில் அவை நனைந்து நாறும். நடுவில் புரொஜெக்டர், அதன் பக்கத்தில் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த நம் விரிவுரையாளர். ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் துணைப்பாடமாக வரலாறு எடுக்கலாம், அல்லது உலக சினிமா எடுக்கலாம் என்று பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர் அவர்தான். எண்பதுகளின் நடுவில் அந்த ஊரில் அப்படியொரு பாடம் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. ஒன்பது பையன்கள், நீ, நான். அவ்வளவுதான் வகுப்பு.

நான் அதில் சேர்ந்ததே உன்னால். படிவத்தை என் கையிலிருந்து பிடுங்கி நீதான் டிக் போட்டாய். "ஹிஸ்டரில வருஷத்த மனப்பாடம் பண்ணிக்கினு சாவறதுக்கு, படம் பாத்துட்டுப் பாஸாவலாம் வாடி" என்றாய். உனக்கென்ன, உன் அப்பாவுக்கு மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலைக் காட்டை, விட்டால் வேறு எதுவும் தெரியாது. என் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். அக்காவை யாரோ மேட்னி ஷோவில் பார்த்ததாகச் சொன்ன மறுநாளே அவளுடைய பள்ளிக்கூடப் பையை எடுத்துப் பீரோவுக்கு மேல் வைத்தவர் அவர். அந்தப் பை கடைசிவரை கீழே இறங்கவில்லை. நான் வீட்டில் வரலாறு என்று பொய் சொன்னேன். மார்க் ஷீட்டில் வெறும் துணைப்பாடம் என்றுதான் வரும், பெயர் வராது என்று கல்லூரி ஆபீஸில் விசாரித்து வந்து நீ தைரியம் சொன்னாய். பெயிலானால்தான் வீட்டுக்குக் கடிதம் போகும், அதில் பாடத்தின் பெயர் முதல் எல்லாம் இருக்கும் என்பதையும் நீயேதான் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

நாலு பத்துக்குத் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில். விழுப்புரத்தில் அது வந்து நிற்கும்போது அப்பா பிளாட்பாரத்தில் நிற்பார். என்னைப் பார்த்ததும் திரும்பி ஆபீஸுக்குள் போய்விடுவார். அந்த வண்டியில் நான் இல்லையென்றால் திங்கட்கிழமை கல்லூரி இல்லை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். படமோ நாலரைக்கு முன்னால் முடியாது. ஆகவே கடைசி ரீல் மாற்ற விளக்கைப் போட்டதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். விரிவுரையாளர் தடுக்க மாட்டார். "முடிவை யார்கிட்டயாவது கேட்டுக்கோம்மா" என்பார். யாரிடமாவது என்றால் பையன்களிடம். ஒன்பது பையன்களோடு ஒரு பருவம் முழுக்க ஒரே இருட்டில் உட்கார்ந்தோம், ஒருவனிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அதுதான் வழக்கம்.

முதல் சனிக்கிழமை தனியாகத்தான் நடந்தேன். புளியமரச் சாலையில் ஒரு சைக்கிள் என் பின்னாலேயே வந்தது. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது, நின்றால் நின்றது. அதில் வந்தவன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஸ்டேஷன் வாசல் வரை வந்து பெல்லை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்பிப் போனான். அப்பாவிடம் சொன்னால் படிப்பு நிற்கும். அம்மாவிடம் சொன்னால் அது அப்பாவிடம் போகும். திங்கட்கிழமை உன்னிடம் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை விளக்கு எரிந்ததும் நீயும் எழுந்தாய். "நீ எதுக்குடி வர்ற? படம் போயிடுமே" என்றேன். "அந்த மிஷின் சூடாயிடுச்சுடி. லைட்டு ஆறாம கடைசி ரீல போட மாட்டாரு. நான் வுட்டுட்டு வந்து ஜல்தியா பாத்துக்குவேன், நீ நட" என்றாய். புரொஜெக்டரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. சைக்கிள்காரன் அன்றும் மரத்தடியில் நின்றான். நான் நின்றுவிட்டேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "பயந்தா பயந்துக்கினே நட. நிக்காத, அவ்ளோதான்" என்றாய். அவனைக் கடக்கும்போது நீ அவன் முகத்தை நேராகப் பார்த்தாய். நான் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட நீ தவறவில்லை.

திங்கட்கிழமை காலையில் முடிவுகளைச் சொல்வாய். மாடிப்படிக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நேரில் பார்த்தவள் போலச் சொல்வாய். ஹங்கேரிப் படத்தில் படகோட்டியின் தம்பி பிழைத்து வந்தான். ஜப்பான் படத்தில் கலங்கரை விளக்கத்துக் கிழவருக்கு மகள் கடிதம் போட்டாள். உன் முடிவுகளில் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். படத்தின் முக்கால் பாகம் நெஞ்சை அடைக்க உட்கார்ந்திருந்துவிட்டுப் பாதியில் ஓடிவந்தவளுக்கு அது எவ்வளவு ஆறுதல் தெரியுமா? கேட்டதை அப்படியே ரெக்கார்ட் நோட்டில் எழுதுவேன். பன்னிரண்டு படம், பன்னிரண்டு கதைச்சுருக்கம், பன்னிரண்டு விமர்சனம். விரிவுரையாளர் நல்ல மனுஷன், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். ஒன்றையும் படித்ததில்லை.

படித்தவர் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். வைவா என்ற வாய்மொழித் தேர்வன்று அவரும் நம் விரிவுரையாளரும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை முதலில் கூப்பிட்டார்கள், நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என் முதுகுக்குப் பின்னால் கதவு, தலைக்கு மேல் கடகடவென்று மின்விசிறி. மேஜையில் என் நோட்டும் உன் நோட்டும் பக்கத்துப் பக்கத்தில் விரிந்து கிடந்தன.

"போலந்துப் படம் எப்படிம்மா முடியுது?" என்றார் தேர்வாளர்.

போர் முடிந்தபின் தம்பியைத் தேடி ஊர் ஊராக அலையும் தபால்காரப் பெண்ணின் கதை அது. நான் சொன்னேன். கடைசி ஊரில் தம்பியைக் கண்டுபிடிக்கிறாள், அவனுக்குப் பசிக்கிறது, வேர்க்கடலை அவித்துக் கொடுக்கிறாள், இரண்டு பேரும் வண்டி பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள்.

"போலந்துல ஏதும்மா வேர்க்கடலை?" என்றார். சிரிப்பாரென்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அவன் வேற பேர்ல வாழ்ந்துக்கிட்டிருக்கான். அக்காவைத் தெரியாத மாதிரி நிக்கிறான். அவ யாரோ ஒருத்தருக்குக் குடுக்கிற மாதிரி தபாலைக் குடுத்துட்டுப் போயிடறா. அதான் முடிவு. முதல் படத்தை விட்டா இந்தப் பன்னெண்டுல ஒண்ணுகூடச் சரியில்ல. ரெண்டு நோட்லயும் ஒரே தப்பு. யாரைப் பார்த்து யார் எழுதினது? இது காப்பி. வீட்டுக்கு லெட்டர் போகும், தெரியுமில்ல?"

நாம் முன்னாலேயே கிளம்பிவிடுவது தெரிந்த நம் விரிவுரையாளர், படிக்காமல் போட்ட தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் படத்துக்குப் பிறகு நீயும் ஒரு முடிவைக்கூடப் பார்க்கவில்லை. என்னை ரயிலேற்றிவிட்டு நீ திரும்பி வருவதற்குள் கம்பளிகளை மடித்து வைத்திருப்பார்கள். பதினொரு சனிக்கிழமையும் வெறும் அறைக்குத் திரும்பி வந்திருக்கிறாய். நான் வருத்தப்படுவேன் என்று ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கொல்லையில் உட்கார்ந்து எனக்காக முடிவு கட்டியிருக்கிறாய். விளங்கிய அதே நொடியில் அப்பா பிளாட்பாரத்தில் நிற்பதும் தெரிந்தது. பீரோவுக்கு மேல் அக்காவின் பை தெரிந்தது.

"அவதான் சார் சொன்னா. அவ சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். மீதியை நான் சொல்லவில்லை.

உன்னைக் கூப்பிட்டார்கள். நீ உள்ளே போனதும், நீ சொல்வது காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து தண்ணீர்க் குழாய் வரை போய் நின்றுகொண்டேன். நீ என்ன சொன்னாய் என்று பின்னால் விரிவுரையாளர் சொல்லித்தான் தெரியும். "ஆமாங்க சார், எல்லாம் நான் இட்டுக்கட்டுனதுதான். நான்தான் படத்துக்கு ஒழுங்கா உக்காரல. அவ பாவம், நம்பி எழுதிட்டா" என்றாயாம். ஏன் உட்காரவில்லை என்று தேர்வாளர் கேட்டாராம். "போர் அடிச்சுது சார்" என்றாயாம். அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

எனக்குப் பிழைத்துப் போ என்று சரியாகப் பாஸ் மார்க் போட்டார்கள். கடிதம் உன் வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வருஷம் திரும்ப எழுதலாம் என்று அதில் இருந்தது, ஆனால் உன் அண்ணன், "படிச்சிக் கிழிச்சது போதும்" என்றுவிட்டார். அந்த வருஷமே வானூர்ப் பக்கம் உன்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் பட்டம் வாங்கினேன். அதைக் காட்டி விழுப்புரத்தில் அரசு அலுவலகத்தில் வேலை வாங்கினேன், பென்ஷன் வாங்குகிறேன். நீ மல்லாட்டை பிடுங்கினாய், கட்டட வேலைக்குப் போனாய், மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தாய்.

உன்னைப் பார்க்க எனக்குப் பயம். கல்யாண வீடுகளில் நீ வந்திருக்கிறாய் என்று தெரிந்தால் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுவேன். உன் போன் வந்தால் இரண்டாவது முறை அடிக்கும்போதுதான் எடுப்பேன். நீ என்றைக்காவது கேட்டுவிடுவாய் என்ற பயம். நாற்பது வருஷமாக நீ கேட்கவில்லை. கேட்காததுதான் அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது நீ கட்டிலோடு கிடந்தாய். மணிக்கட்டு குச்சியாக இருந்தது. உன் மகன் காபி போடப் போனான். இப்போது விட்டால் எப்போதும் இல்லை என்று நானே என்னை நெட்டித் தள்ளிக்கொண்டு ஆரம்பித்தேன். "அன்னிக்கு வைவால, உள்ள நான் என்ன சொன்னேன்னா..."

நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "தெரியும்டி. கதவு தொறந்துதானே இருந்துச்சு."

நான் அழுதேன். "ஏன்டி நீ உண்மையச் சொல்லல? இவள ரயிலேத்தப் போனதாலதான் பாக்கலன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னா உங்கப்பா உன்ன நிறுத்திருப்பாரு" என்றாய். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வெளிய காட்டிக்கல, அவ்ளோதான்" என்றாய். உனக்குப் பயமே கிடையாது என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பும் எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த மீதியை இன்று எழுதிவிடுகிறேன். சார், அவள் படம் பார்க்காததற்குக் காரணம் நான். எனக்குத் துணைக்கு வந்தாள். ஒரு மூச்சில் சொல்லக்கூடிய இரண்டு வரி. அந்த அறையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்க அங்கே யாரும் இல்லை. பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. தெருவில் பின்னால் பெல் அடித்தால் இன்றும் கால் தடுமாறுகிறது. பயந்துகொண்டே நடக்கிறேன்.

உன் வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு அது உறைத்தது. அன்று வைவா முடிந்து நீ வெளியே வந்தாய். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தாய். கிளம்பலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை. "மணி என்னாச்சு பாரு, வண்டி போயிடும்" என்று நீயே என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாய். புளியமரத்தடியில் சைக்கிள் நின்றது. நான் வழக்கம் போல உன் கையை இறுக்கிப் பிடித்தேன். நீ அதைவிட இறுக்கிப் பிடித்தாய்.