எண்ணெய் மாற்றும் கோடு

பிப். 3, செவ்வாய்

மூடுபனி. மிளகு காயவில்லை. தார்ப்பாயை விரித்ததும் சுருட்டியதும்தான் மிச்சம். எட்டாம் மாத வயிற்றோடு குனிந்தால் மூச்சு முட்டுகிறது.

சென்னை ஏஜென்சியிலிருந்து இவருக்குப் போன். கப்பல் இன்ஜின் ரூமில் வேலை, இரண்டு இடம் இருக்கிறதாம். ஒன்றில் இந்த மாதமே ஏற வேண்டும். வடக்கு ஐரோப்பாக் கடலுக்குள்ளேயே சுற்றும் கப்பல், இன்ஜினுக்கு எப்போதும் சுத்தமான எண்ணெய். ஆனால் பிரசவத்துக்கு இவர் இருக்க மாட்டார். இன்னொன்றில் சித்திரை கழிந்து ஏறினால் போதும். தூரக் கப்பல், பாதி வழி கறுப்பு எண்ணெய். போன தடவை அப்படி ஒரு கப்பலிலிருந்துதான் இந்த இருமலோடு வந்தார். அந்தப் புகையும் எண்ணெய் ஆவியும் இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பிப். 4, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. வாங்க: உளுந்து, பினாயில், இருமல் மருந்து.

ஒரு கடலில் நல்ல எண்ணெய், இன்னொரு கடலில் கறுப்பு, அது என்ன கணக்கு என்று கேட்டேன். தார்ப்பாயில் மிளகை ஒதுக்கி விரலால் கோடு போட்டார். கறுப்பு எண்ணெயின் கந்தகப் புகை கரைக்கு வந்து ஊர் ஜனங்களுக்கு மூச்சிரைப்பாம். அதனால் கரையோர நாடுகள் சேர்ந்து கடலில் எல்லை வைத்திருக்கின்றன. எல்லைக்குள் நுழையும் முன்பே எண்ணெயை மாற்றி முடித்திருக்க வேண்டும். மாற்றுகிற வேலை இவர் தலையில். அவசரப்பட்டால் இன்ஜினே நின்றுவிடும். எல்லையைத் தாண்டி வெளியே வந்ததும் திரும்பக் கறுப்பு.

வெளியே நடுக்கடல்தானே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க, நீங்க இருக்கறீங்கல்ல?"

மிளகைக் கிளறப் போய்விட்டார். மழுப்புவதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிப். 6, வெள்ளி

கோயில் காட்டில் பூசை. எல்லைக்கல்லைத் தாண்டிச் செருப்பு கூடாது, பீடி கூடாது. ஏழு மாதம் கடந்த பிள்ளைத்தாச்சியும் உள்ளே போகக் கூடாது. ஆகவே நான் கல்லுக்கு இந்தப் பக்கம். செருப்புக் குவியலுக்குக் காவல்.

உள்ளே போகிற ஆம்பளைகள் அத்தனை பேரும் கல்லருகே நின்றுதான் கடைசி பீடியை ஒட்ட இழுத்தார்கள். வெளியே வந்ததும் அதே இடத்தில் மறுபடி பற்றவைப்பு. என் மாமனார் முதல் ஆள். குமட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கு என்ன கவலை? எரிச்சல் என்றால் எரிச்சல்.

இவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கப்பலிலும் நாங்கள் இதைத்தான் செய்கிறோம் என்று தன் அப்பாவிடம் சொன்னார். மாமாவுக்குக் கப்பல் விளங்கவில்லை. நான் மூக்கைப் பொத்தியிருந்தது விளங்கியது. பீடியை மண்ணில் தேய்த்து அணைத்தார்.

"உள்ள சாமி இருக்குதுன்னு நெனச்சேன் கண்ணு. வெளிய நீ உக்காந்திருக்கறது தோணவே இல்ல."

மாமா அங்கேயே பூசாரியிடம் பேசினார். அடுத்த பூசையிலிருந்து கீழே பஸ் நிற்கிற இடத்திலேயே பீடியை அணைத்துவிட வேண்டுமாம். இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லையோ.

வரும் வழியில் இவர் சொன்னது: மத்தியதரைக் கடலும் இப்போது சுத்த எண்ணெய் எல்லைக்குள் வந்துவிட்டதாம், இரண்டாவது கப்பல் அந்த வழியாகத்தான் போகிறதாம். அப்படியானால் அவ்வளவு மோசம் இல்லையா? கறுப்பு எண்ணெய் ஓடும் தூரம் குறையும், ஆனால் எண்ணெய் மாற்றுகிற வேலையும் அதன் ஆவியும் கூடும் என்கிறார். அப்படியானால் நெஞ்சுக்கு நல்லதா, கெட்டதா? அவருக்கே தெரியவில்லை. எனக்கு எங்கிருந்து தெரியும்?

முதல் கப்பல் என்றால் நெஞ்சு பிழைக்கும். இரண்டாவது என்றால் வலி எடுக்கும்போது பக்கத்தில் இவர். தலைப்பிரசவம். பயமாக இருக்கிறது.

பிப். 7, சனி

நல்ல வெயில். மிளகு காய்ந்து சலசலக்கிறது.

காலையில் முடிவு செய்தேன். முதல் கப்பலுக்கே போகட்டும். உலகத்தில் யாரும் தனியாகப் பெறாத பிள்ளையா? சாப்பாடு போடும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

இவர் களத்தில் இருந்தார். இவர் போன் வீட்டில் அடித்தது. எடுத்தேன். ஏஜென்சிக்காரர். சார் விடிந்ததுமே இரண்டாவது கப்பல் என்று மெசேஜ் போட்டுவிட்டாராம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் கப்பலில் இடம் இன்னும் காலியாம். மாற்றுவதானால் இப்போதே சொல்ல வேண்டும் என்றார்.

மாற்றுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாங்க. அதே இருக்கட்டுங்க."

நான்தான் சொன்னேன். போனை வைத்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது, இங்கே எதற்கு மறைக்க. இவர் களத்தில் இருமிக்கொண்டே மிளகு அள்ளுகிறார்.