மணநாளுக்காக மாற்றிய வெள்ளக் குறி

தண்புனல் நாட்டுக் கரைகள் நிலைக்க, கழனிகள் செழிக்க. ஏழ்மதகூர் அரியணையில் வீற்றிருக்கும் அரசி இளம்பொறைத் தேவியார், நம் ஆணைக்கீழ்க் கழிமுக நாடாளும் விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. உம் குடிகள் நலம் பெறுக. உமக்கு நலம் கூற இன்று நம் நா எழவில்லை.

வெள்ளம் வருவதை ஊருக்கு ஊர் அறைந்து சொல்லும் முரசுக் குறிகள் எவருக்கும் தனியுடைமை அல்ல. எவரும் பழகலாம், எவரும் திருத்தம் கூறலாம். ஆயினும் ஒரு திருத்தம் நடப்புக்கு வரும் நாளை, ஆற்றின் இரு கரையும் நடந்து, எல்லா ஊரும் பழகினவா என்று கேட்டறிந்த பின்னரே முரசுக்காவலர் கண்ணந்தை அறிவிப்பார். தனியொருவராய் அலைந்து கால் ஓய்ந்த அவர், துணைக்கு ஆள் தருமாறு உம் அவையில் வேண்டினார். ஊர்ப்பொதுவுக்கு யாம் ஏன் ஆள் தருவது என்று நீர் நகைத்தீர்.

இவ்வாண்டு வந்த புதிய குறிகளை உம் மகளின் மணநாளில் முழக்கிப் பெருமை கொள்ள விழைந்தீர். மலையடி ஊர்கள் இன்னும் பழகவில்லை, மழைக்காலம் கழியட்டும் என்று கண்ணந்தை மன்றாடினார். உம் ஏவலரோ, அவர் பெயரையே சொல்லி, கழிமுகம் எங்கும் புதிய குறி நடப்புக்கு வந்ததெனச் சாற்றினர்.

ஆறு பெருகிற்று. மேட்டுக்கு ஓடுங்கள் என்று மலையடியார் பழைய குறியில் அறைந்தனர். புதிய குறியில் அதே முழக்கத்துக்கு, வெள்ளம் வடிந்தது என்று பொருள். ஆறு பெருகுவது கண்டு முன்னரே மேட்டில் கூடியிருந்த உம் பரதவர் பிள்ளைகளோடு வீடு திரும்பினர். திரும்பியோரில் பலர் இன்றில்லை.

பெயர் கண்ணந்தையுடையதாதலின் பிழையும் அவருடையதே என்று அவரைத் தளையிட்டீர். மகனைப் பறிகொடுத்த சாத்தி என்னும் பரதவப் பெண் சிறைவாயிலில் நின்று, உம்மை நம்பினேனே என்று கண்ணந்தையை நோக்கிக் கதறினாள். அறிவித்தவன் தானல்லன் என்று சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை; தலை கவிழ்ந்து அழுதார்.

மறுநாள் முற்பகலில் மலையடி முரசு மீண்டும் அதிர்ந்தது. சிறைக்குள் அதைக் கேட்ட கண்ணந்தை, இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கொடுப்பது என்று அலறிக் கதவை மோதினார். காவலன் துணிந்து திறந்துவிட்டான். தளையோடு முரசுமேடை ஏறி, மலையடியார் பழைய குறியில் சொன்னதைப் புதிய குறிக்கு மாற்றி, கைத்தோல் உரிய அறைந்தார். எஞ்சியோர் மேடேறிப் பிழைத்தனர். நீர் செய்தது என்ன? சிறை தப்பிய குற்றத்தையும் அவர்மேல் ஏற்றினீர்! நாணம் என்பதொன்று உமக்கு உண்டா?

நம் படைத்தலைவர் அவரை மீட்டு நம் முன் கொணர்ந்தார். வேண்டுவது யாது என வினவினோம். பட்டம் வேண்டா, பொறுப்பை இறக்கி வைத்து உறங்க வேண்டும் என்றார். அளித்தோம்.

இனி நம் ஆணை. யாவரும் பழகும்வரை பழைய குறியே செல்லும். புதியதை அறிவித்தவர் நீரே என்பதைச் சாத்தியின் வாயிலில் தொடங்கி ஊர்தோறும் உம் வாயாலேயே சொல்லுக. ஊரார் வேறொரு முரசுக்காவலரைத் தேரும்வரை அப்பணி உமதே; முரசுமேடையே உம் அரண்மனை. பல்லக்கு வேண்டா, நடந்து செல்க. மேற்கே முகில் திரண்டுவிட்டது. அலைப்பொறி முத்திரையிட்டோம், எழுக.